எல்சம்மாவுக்கு நான் காட்டிய வீடு

வழி தெரியாத ஆளால் யாருக்கும் கெடுதல் இல்லை. நாலு பேரைக் கேட்டு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவார். வழி தெரியும் என்று சொல்லிக்கொண்டு ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்காருகிறவர்தான் ஆபத்தானவர். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

இப்போதும் நான் எங்கே கிளம்பினாலும், கல்யாணமோ, காதுகுத்தோ, பல் டாக்டரோ, என் மனைவி செல்வி அடுப்படியிலிருந்து ஒரே கேள்விதான் கேட்பாள். "சரியான வூட்டுக்குத்தான போறீங்க?" பதினோரு வயது மகளும் இதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போதும் அவள் கேட்பது இதுதான். கதை தெரியாத விருந்தாளிகள் இதைக் கேட்டுச் சும்மா சிரித்து வைப்பார்கள். கதையைச் சொன்னால் பாதி வரைக்கும் இன்னும் நன்றாகச் சிரிப்பார்கள். அப்புறம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அப்போது எனக்கு முப்பத்தோரு வயது. திருப்பத்தூரில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல்மாடியில் 'முப்பது நாளில் ஆங்கிலம்' என்று போர்டு மாட்டி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். (முப்பது நாளில் வராவிட்டால் இன்னும் முப்பது நாள் இலவசம். என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவது முப்பது நாளில்தான் இருந்தார்கள்.) அந்த வகுப்பில் எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. ஒரு வெள்ளைக்காரரோடு நான் நிற்கும் போட்டோ. எதிர்வரிசையில் இருந்த போட்டி வகுப்புக்காரர் தன் வாசலில் ஒன்றைப் பெரிதாக மாட்டி வைத்திருந்தார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் தோளில் கை போட்டுக்கொண்டு, கூடப் பிறந்தவர் போல நிற்பார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

ஒரு மாசி மாதக் காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் மேனேஜர் மாடியேறி வந்தார். "வாத்தியாரே, டென்மார்க்குல இருந்து ஒரு அம்மா வந்துகிறாங்க. மேல ஜவ்வாது மலையில ஏதோ பழைய வூட்ட பாக்கணுமாம். கூட வந்த பொண்ணுக்கு வயித்துப்போக்கு, ரூம்லயே படுத்துகினு கீது. இங்கிலீஷும் தெரிஞ்சி மலையும் தெரிஞ்ச ஆளு வேணுமாம். உனக்கு மலை தெரியுமா?"

"மலையா?" என்றேன். "அங்க எனக்குத் தெரியாத கல்லு இல்ல."

உண்மையில் நான் மலைக்கு ஒரே ஒருமுறைதான் போயிருந்தேன். எட்டாவது படிக்கும்போது நட்சத்திரம் பார்க்கக் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அன்றைக்கு ஒரே மேகம். எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். என் மலை அறிவு அவ்வளவுதான்.

எல்சே என்பது அவர் பெயர். பார்த்த ஐந்து நிமிடத்தில் நான் எல்சம்மா ஆக்கிவிட்டேன். எண்பது வயது. நல்ல உயரம். வெயிலில் சிவந்த முகம். கையில் ஒரு தடி வைத்திருந்தார், ஆனால் அதை ஊன்றவில்லை, சும்மா துணைக்கு வைத்திருந்தார். லாட்ஜ் வரவேற்பறையில் டீ குடித்துக்கொண்டே நிதானமான ஆங்கிலத்தில் கதையைச் சொன்னார்.

அவருடைய அப்பா மருந்துப் பெட்டியோடு இந்த மலைக்கு வந்தவர். மலையில் ஒரு வீடு கட்டினார். கல் அடித்தளம், மண் சுவர், புல் கூரை, வாசலில் இரண்டு படி. தங்கள் ஊரில் இருந்த வீட்டை மனதில் வைத்தே அதைக் கட்டினாராம். "எங்கள் ஊரிலும் மலை உண்டு. நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள், உங்கள் மலையின் முழங்கால் அளவுகூட இருக்காது. காடு முடிகிற இடத்தில் மேடெல்லாம் குட்டைச் செடியாக இருக்கும். ஊதாப் பூ பூக்கும். நடுவில் எங்கள் வீடு" என்றார். இங்கே மலை வீட்டில் எல்சம்மா பிறந்தார். தம்பி யென்ஸும் அங்கேதான் பிறந்தான். யென்ஸுக்கு நாலு வயதாக இருந்தபோது காய்ச்சல் வந்து, அந்த வீட்டிலேயே இறந்துபோனான். அடுத்த வாரமே மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். எல்சம்மாவுக்கு அப்போது ஆறு வயது.

"அம்மா யாரையும் அழ விடவில்லை. அதற்கப்புறம் அவன் பெயரையே எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை" என்றார். "நான் இப்போது இருப்பதும் அந்த ஊதாப் பூ மேட்டு வீட்டில்தான். அதே மாதிரி கூரை, அதே இரண்டு படி. ஒவ்வொரு தடவை படி ஏறும்போதும் இந்த வீட்டு ஞாபகம் வரும். ஒரு முறை இங்கே வந்து, அந்த வாசலில் உட்கார்ந்து, அவனுக்காக அழுதுவிட்டுப் போக வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். இனி ஒரு தடவை என்னால் வர முடியாது."

எழுபத்து நாலு வருடம் தள்ளிப்போட்ட அழுகை. நல்ல மனிதன் யாராக இருந்தாலும் அந்த இடத்தில், 'அம்மா, எனக்கு அந்த வீடு தெரியாது, தெரிந்தவரைக் கூட்டி வருகிறேன்' என்று சொல்லியிருப்பான். நான் போட்டோவுக்கு எந்தச் சட்டை போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் ஒரு பழைய போட்டோவை நீட்டினார். புல் கூரை வீடு, இரண்டு படி, பக்கத்தில் பெரிய மரம், பின்னால் இரண்டு திமில் வைத்த மலை. பின்பக்கம் ஆங்கில எழுத்தில் 'நெல்லிவாசல்' என்று பேனாவால் எழுதியிருந்தது. இரண்டு நொடி பார்த்தேன். "இந்த வீடா? மூன்று முறை போயிருக்கிறேன்" என்றேன்.

ஜீப் ஓட்ட வந்தவர் தேவராஜ். மலைக்காரர், நாற்பது வயது இருக்கும், தேவைக்கு மேல் பேசமாட்டார். "எந்த ஊரு சார்?" என்று கேட்டார். "நெல்லிவாசல் பக்கம். வழி நான் சொல்றேன், நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் நான் வாந்தி எடுத்தேன். வழிகாட்டி தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுக்க, எண்பது வயது அம்மா பக்கத்தில் நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தேவராஜ் இஞ்சி மிட்டாய் கொடுத்தார். போன மானத்தை மீட்க வேண்டுமே என்று, மறுபடி வண்டி கிளம்பியதும் எல்சம்மாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். சின்ன வயதில் பேசிய தமிழில் அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே வார்த்தை. 'வேணாம்.' (ஆறு வயது வரைக்கும் அது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும் போல.)

நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது 'போயிட்டு வர்றேன்'. தமிழர்கள் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது வெறுமனே 'போறேன்' என்று சொல்ல மாட்டோம், திரும்பி வருவோம் என்றும் சேர்த்தே சொல்வோம் என்று ஒரு சொற்பொழிவே நடத்தினேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, வளைவுக்கு வளைவு சொல்லிப் பார்த்தார். மேலே போய்ச் சேருவதற்குள் என் மாணவர்களில் யாரையும் விட நன்றாகச் சொன்னார். அந்தச் சொற்பொழிவில் நான் சொல்ல மறந்த ஒன்று உண்டு. அது பிறகு வருகிறது.

உச்சி வெயிலில் நெல்லிவாசல் நாட்டுக்குள் நுழைந்தோம். (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு.) சாலை ஓரமெல்லாம் புளி காய்ந்துகொண்டிருந்தது. எந்தக் குக்கிராமத்தைப் பார்த்தாலும் நாலைந்து புல் கூரை வீடு. எந்த வீட்டுக்கும் இரண்டு படி. எந்தப் படிக்கும் பக்கத்தில் ஒரு மரம். பின்னால் மலை. மலைமேல் மலை இல்லாமல் பின்னே என்ன இருக்கும்? "இன்னும் கொஞ்ச தூரம்" என்று மூன்று ஊரைத் தாண்டினேன். தேவராஜ் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். எல்சம்மா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் அதிகமானது.

நாலாவது ஊரில், கொஞ்சம் ஒதுங்கி, ஒரு வீடு தெரிந்தது. இரண்டு படி. பெரிய புளியமரம். தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தால் மலைக்கு இரண்டு திமில் இருப்பது போலவும் தோன்றியது.

"அதோ!" என்றேன்.

"சார், அந்த வூடா?" என்றார் தேவராஜ்.

"அதேதான்."

"இல்ல சார், அந்த வூட்ல…"

"வழி நான் சொல்றேன்னு சொன்னேன் இல்ல?"

வண்டி நின்றது.

எல்சம்மா இறங்கினார். தடியை ஜீப்பிலேயே விட்டுவிட்டார். வாசலுக்குப் போனதும் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். முதல் படியில் காலை வைத்தார். வாசல் தூணைத் தொட்டார். அப்புறம் அழ ஆரம்பித்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அழுகை இல்லை. ஆறு வயதுக் குழந்தை வாய்விட்டு அழுமே, அந்த அழுகை.

நம் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஒரு வீட்டு வாசலில் ஒருவர் அழுதுகொண்டு வந்து நின்றால், துக்கம் கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். உடனே உள்ளே இருக்கும் பெண்கள் எழுந்து வந்து, வந்தவரைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவார்கள். யார் நீ, எந்த ஊர் என்றெல்லாம் அப்போது கேட்க மாட்டார்கள். அழுது முடித்துத் தண்ணீர் குடித்த பிறகுதான் விசாரணை. எனவே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், பெயர் பூங்காவனம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர் எல்சம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார். எல்சம்மா குனிந்து அந்தத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். ஆளுக்கொரு மொழியில் அழுதார்கள்.

எனக்கு மெய்சிலிர்த்துப் போனது. மலைமக்களின் விருந்தோம்பலே விருந்தோம்பல் என்று நினைத்தேன். தேவராஜிடம் போனைக் கொடுத்து, "எடுங்க, எடுங்க" என்று சொல்லிவிட்டு, அழுகிறவர்களுக்கு நடுவில் போய் நின்று, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தேன். அவர் ஒரு படம் எடுத்தார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சார், இது சாவு வூடு. அந்தம்மா புள்ள செத்து இருபது நாளு ஆவுது. அதத்தான் சொல்ல வந்தேன்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பிளக்கவில்லை.

அழுகை அடங்கியது. பாய் விரித்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். பூங்காவனம் என்னைப் பார்த்து, "காவலூர்ல எம்புள்ள சொன்ன அம்மா இவங்கதான சாமி?" என்றார்.

அவருடைய மகன் காவலூர்ப் பக்கம் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஒரு இடத்தில் சமையல் வேலை பார்த்தவன். அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா அவன் காய்ச்சும் சாமைக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிப்பாராம், ஒருநாள் உன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னாராம். அவன் இதைச் சொல்லும்போதெல்லாம் ஊரில் கேலி செய்வார்களாம். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது வளைவில் பைக் சறுக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"வருவாங்கன்னு சொன்னான், யாரும் நம்பல. வந்துட்டாங்க பாரு" என்று தன் தம்பியைப் பார்த்துச் சொன்னார் பூங்காவனம். தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்த அந்தத் தம்பி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஆமா," என்றேன். வேறு என்ன சொல்வது? எல்சம்மாவிடம், "இத்தனை நாளாக உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்களாம்" என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு மணி நேரத்தில் என் முப்பது நாள் ஆங்கிலம் பட்ட பாட்டை நான் யாருக்கும் கற்றுக்கொடுக்க மாட்டேன். பூங்காவனம் மரத்தடியில் சாக்குப் போட்டு மூடியிருந்த பைக்கைக் காட்டி, "அதுலதான் சாமி" என்று அழுதார். அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றி என்ன சொல்கிறார் என்று எல்சம்மா கேட்டார். "இப்போது இங்கே எல்லாம் ரோடு வந்துவிட்டது என்கிறார்" என்றேன். "அன்றைக்கு ரோடு இருந்திருந்தால் அவனைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்போம்" என்று எல்சம்மா மறுபடி அழுதார். "இன்னா சொல்றாங்க?" என்றார் பூங்காவனம். "ரோட நெனச்சி அழுவுறாங்க" என்றேன். அங்கே இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

"எம்புள்ள கஞ்சி நல்லா இருக்குமான்னு கேளு சாமி."

நான் எல்சம்மாவிடம், "கஞ்சி குடிக்கிறீர்களா?" என்றேன். குடிக்கிறேன் என்றார். சாமைக் கஞ்சி வந்தது. ஒரு சொம்பு முழுக்கக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று சொம்பை நீட்டினார். பூங்காவனம் அந்தச் சொம்பையும் எல்சம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எம்புள்ள பொய் சொல்லல" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாவின் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் மறக்கவே முடியாது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. வீட்டுக்காரர்கள் எனக்கும் ஒரு சொம்பு கஞ்சி கொடுத்தார்கள்.

எல்சம்மா தன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். தன் வீட்டு மேட்டில் பறித்துக் காயவைத்த ஊதாப் பூக்கொத்து. எங்கே வைக்கட்டும் என்று கண்ணால் கேட்டார். பூங்காவனம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அங்கே மகனின் போட்டோ மாலையோடு இருந்தது, பக்கத்து மாடத்தில் விளக்கு எரிந்தது. போட்டோவில் இருப்பது யார் என்று எல்சம்மா என்னைக் கேட்கவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் பூவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன்.

எல்சம்மா படியிறங்கினார். செருப்பைப் போட்டுக்கொண்டார். நோட்டை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். திரும்பி நின்று, கைகூப்பி, மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி, தெள்ளத் தெளிவாகச் சொன்னார்:

"போயிட்டு வர்றேன்!"

நான் சொல்ல மறந்தது இதுதான். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எழுந்தோமா, திரும்பிப் பார்க்காமல் நடந்தோமா என்று போய்விட வேண்டும். மறுபடி வருகிறேன் என்றால், அந்த வீட்டில் மறுபடி ஒரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு கிழவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

பூங்காவனத்தின் தம்பி துண்டை உதறிக்கொண்டு என்னிடம் வந்தார். "இன்னாய்யா இது? சாவு வூட்ல வந்து இன்னா பேச்சு பேசுறாங்க? நீ சொல்லிக் கூட்டினு வர்றதில்ல?"

எல்சம்மா எதையோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்து, என் முகத்தையும் நோட்டையும் பார்த்தார்.

"வுடு தம்பி," என்றார் பூங்காவனம். "எம்புள்ள வூடுன்னு வந்தவங்க. வரட்டும்." அப்புறம் எல்சம்மாவைப் பார்த்து, "போய்ட்டு வாம்மா" என்றார். எல்சம்மாவுக்கு அந்த இரண்டு சொல்லும் புரிந்துவிட்டன. ஜீப் கிளம்பி வளைவு திரும்பும் வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

அரை மைல் போயிருப்போம். இடதுபக்கம் உண்ணிச்செடிப் புதருக்கு நடுவே, வரும்போது என் கண்ணில் படாத ஒரு கல் அடித்தளம் தெரிந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை. இரண்டு படி மட்டும் அப்படியே இருந்தது. பின்னால் மலை, தலையைச் சாய்க்காமலே, இரண்டு திமிலோடு நின்றது. தேவராஜ் வண்டியை மெதுவாக்கி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "வெள்ளக்கார டாக்டரு வூடு இதான் சார்" என்றார்.

எல்சம்மாவும் பார்த்துவிட்டார். "அது என்ன?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது என்றால் அது அந்த நிமிடம்தான். திரும்பிப் பார்த்தேன். அழுது வீங்கிய அந்த முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. இரக்கத்தால்தான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இரக்கம் கொஞ்சம் இருந்தது. மிச்சமெல்லாம் பயம்.

"மாட்டுக் கொட்டகை" என்றேன்.

"பாவம், இடிந்துவிட்டது" என்றார் எல்சம்மா. தேவராஜ் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

போட்டோவை நான் வகுப்பில் மாட்டவில்லை. செல்வியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து, மறுபடி புளிக் காலத்தில், எல்சம்மாவின் மகளிடமிருந்து ஒரு மெயில் வந்தது. அம்மா தன் வீட்டிலேயே தூக்கத்தில் இறந்துவிட்டார். கடைசி மாதங்களில் மலை வீட்டில் தன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத அம்மாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத் தகவல் சொல்லிவிட முடியுமா என்று எழுதியிருந்தார். கூடவே எல்சம்மா வீட்டின் ஒரு படம். புல் கூரை, இரண்டு படி, சுற்றிலும் மேடெல்லாம் ஊதாப் பூ.

அன்றைக்குத்தான் செல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் போட்டோவைப் பார்த்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் மாட்டுக் கொட்டகையைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "போயி சொல்லிட்டு வாங்க," என்றாள். "இந்தத் தடவயாவது வழி கேட்டுகினு போங்க."

தேவராஜையே கூப்பிட்டேன். பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

பூங்காவனம் மரத்தடியில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பைக் அங்கே இல்லை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "அந்தம்மா வந்துகிறாங்களா சாமி?" என்று ஜீப்பை எட்டிப் பார்த்தார். நான் மண்ணில் உட்கார்ந்தேன். எல்சம்மா இறந்ததைச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம். முடியவில்லை. போட்டோ ஆசையிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை அத்தனையும் சொல்லிவிட்டேன்.

கொட்டை எடுக்கிற கை நிற்கவே இல்லை. "அப்ப எம்புள்ள சொன்ன அம்மா இவங்க இல்லியா?" என்றார்.

"இல்லிங்க."

"அந்தம்மா வரவே இல்லியா?"

பொய்யைச் சொல்லி ஒரு துக்கத்தைக் கொண்டுவந்து அந்த வாசலில் இறக்கியவன், இப்போது உண்மையைச் சொல்லி அங்கே இருந்த ஒரே ஆறுதலையும் எடுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். அன்றைக்கு ஜீப்பிலிருந்து இறங்கிய நேரத்தை நினைத்து நான் என்னைத் திட்டிக்கொள்ளாத திட்டு இல்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

கூடையில் இருந்த புளி முடிந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"அவங்க தம்பிக்கு எத்தினி வயசு?"

"நாலு."

"கொழந்த," என்றார். எழுந்து நின்றார். "அந்த வூடு எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். வா, போவலாம்."

"எதுக்குங்க?"

"இன்னா கேள்வி கேக்குற நீ? தெரிஞ்சி அழுதாங்களோ தெரியாம அழுதாங்களோ, எம்புள்ள வாசல்ல வந்து அழுதாங்க. நான் போயி அழுவாம கீறது மொறையா?"

உள்ளே போய் மாடத்திலிருந்து அந்தக் காய்ந்த பூக்கொத்தில் பாதியை எடுத்து வந்தார். நிறம் போயிருந்தது, ஆனால் உதிரவில்லை. அரை மைல் தூரமும் ஜீப்பில் ஏறாமல் நடந்தே வந்தார். துக்கத்துக்கு நடந்துதான் போக வேண்டுமாம். தேவராஜ் உண்ணிச்செடியை வெட்டி வழி செய்தார். பூங்காவனம் அந்த இரண்டு படியில் மேல் படியில் உட்கார்ந்தார். பூவைக் கல்மேல் வைத்தார். அப்புறம் குரலெடுத்து, பார்த்தே இராத ஒரு நாலு வயதுக் குழந்தைக்கு ஒப்பாரி பாடினார். குழந்தையின் பெயர் என்ன என்று நடுவில் நிறுத்தி என்னைக் கேட்டுக்கொண்டு, 'என் யென்ஸு, என் கண்ணு' என்று தொடர்ந்தார். எல்சம்மாவையும் பாட்டில் சேர்த்துக்கொண்டார். கடைசியில் பாட்டில் அவருடைய மகனும் வந்தான். நானும் அழுதேன். அன்றைக்கு யாரும் போட்டோ எடுக்கவில்லை.

முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். நான் அந்தப் படிகளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "சொல்லாத. அப்டியே வா." மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

அவருடைய வீட்டு வாசலில் இறக்கிவிட்டோம் என்று சொல்ல முடியாது, நடந்துதானே வந்தோம். கொண்டுவிட்டோம். எனக்கு அங்கே என்ன செய்வது என்று தெரியவில்லை. போனமுறை செய்த தப்பு நெஞ்சில் இருந்தது. வாயைத் திறக்காமல், தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தேன். ஏறி உட்காரவும் போனேன்.

"சாமி!" என்று பின்னாலிருந்து சத்தம் கேட்டது. பூங்காவனம் மேல் படியில் நின்றிருந்தார். "இன்னா, சொல்லாம போற? வருஷம் ஒண்ணு தாண்டிப்போச்சி. இது இப்ப சாவு வூடு இல்ல. சொல்லிக்கினு போ."

திரும்பி வந்து படிக்குக் கீழே நின்று கைகூப்பினேன். சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன்.

அதிலிருந்து வருடம் ஒருமுறை புளிக் காலத்தில் மலைக்குப் போகிறேன். தேவராஜ் இஞ்சி மிட்டாயோடு வருகிறார், நான் இன்னும் மூன்றாவது வளைவில் வாந்தி எடுக்கிறேன். செல்வி அடுப்படியிலிருந்து, "சரியான வூட்டுக்குத்தான போறீங்க?" என்று கேட்கிறாள். மகள் சிரிக்கிறாள். நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலில் திரும்பி நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.